எட்டறிவு சாரின் ஒன்பதாவது கட்டம்

உலகத்தில் முட்டாள் என்று ஒருவர்கூடக் கிடையாது என்று மனதார நம்பிய ஒரே ஒரு மனிதரை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டாஃப் ரூமில் எனக்கு எதிர் நாற்காலியில் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்த பிறகும் அவர் அந்த நம்பிக்கையைக் கைவிடவில்லை என்றால், அது எப்பேர்ப்பட்ட நம்பிக்கை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது வருகைப் பதிவேட்டைத் தாண்டி வெளியே வந்ததில்லை. பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் பள்ளி வாசலில் மாங்காய் பத்தை விற்பவருக்கும் அவர் எட்டறிவு சார்.

காஞ்சிபுரத்தில் அந்த மெட்ரிகுலேஷன் பள்ளியில் நான் தமிழாசிரியன், அவர் பிசிக்ஸ். தொண்ணூறுகளின் கடைசி. ஐந்து நாள் பயிற்சிக்கென்று அவரைச் சென்னைக்கு அனுப்பினார்கள். போகும்போது எங்களைப் போலவே மாலை நாலு மணிக்கு ஏங்குகிற சாதாரண மனிதராகத்தான் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு ஜெராக்ஸ் தாள். அதில் எட்டுக் கட்டங்கள்.

"மனுஷனுக்கு ஆறறிவுன்னு யாரு சார் சொன்னது? எட்டு சார், எட்டு! சொல்லு, கணக்கு, படம், ஒடம்பு, பாட்டு, அடுத்தவன் மனசு, தன் மனசு, செடிகொடி. ஒவ்வொருத்தன் ஒவ்வொரு கதவு வழியா உள்ள போறான். நாம ஒரே கதவத் தொறந்து வெச்சிக்கினு, வராதவன முட்டாள்னு சொல்லிக்கினு இருக்கோம்."

"மத்த ஏழு கதவுக்கும் சாவி யார்கிட்ட சார்?" என்றேன். அந்தக் காலத்தில் எனக்கு நக்கல் என்று ஒன்று இருந்தது. புத்திசாலித்தனத்துக்குப் பதிலாக அதைத்தான் உபயோகித்து வந்தேன்.

அவர் கோபப்படவில்லை. "தேடிக்கினு இருக்கேன்" என்றார்.

முதல் சோதனை எங்கள்மேல் நடந்தது, ஆளுக்கொரு ஜெராக்ஸ் தாளில். மாடு வரையச் சொன்னார். நான் வரைந்ததைப் பார்த்து, "ஆட்டோ நல்லா வந்திருக்குது" என்றார் பி.டி. மாஸ்டர். ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். அதே பி.டி. மாஸ்டர்மேல் விழுந்தேன். விசிலடித்தால் காற்று வந்தது. வேப்பங்கன்றைக் காட்டிக் கேட்டதற்குக் கறிவேப்பிலை என்றேன். போகட்டும், 'சொல்' என்ற கட்டம் தமிழாசிரியனுக்குத்தானே என்று தெம்பாக இருந்தேன். மூங்கில் கூடையில் வேகவைக்கிற எங்கள் ஊர்க் குடலை இட்லி என்றால் என்ன என்று, அதைப் பார்த்தேயிராத கேரளத்து கெமிஸ்ட்ரி டீச்சருக்கு விளக்க வேண்டும் என்றார். கால் மணி நேரம் பேசினேன். டீச்சர் முகம் மலர்ந்து, "மனசிலாயி! மழைக்குப் போட்டுக்கொள்கிற தொப்பி" என்றார்.

எட்டுக் கட்டத்திலும் எனக்கு டிக் விழவில்லை. வாட்ச்மேனுக்கு ஆறு விழுந்திருந்தது.

எட்டறிவு சார் என் தாளை எடுத்தார். பிறகு ஸ்கேலை வைத்து, எட்டுக்குக் கீழே ஒன்பதாவதாக ஒரு கட்டம் போட்டார். பென்சிலால் அதில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்ப்பதற்குள் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுவிட்டார்.

"என்ன சார் எழுதுனீங்க?"

"அப்புறம் சொல்றேன்."

அந்த அப்புறம் வர மூன்று வருஷம் ஆயிற்று.

இனி பள்ளியின் முதலாளியான எங்கள் கரஸ்பாண்டெண்டை, எங்கள் வாயில் கரஸை, பற்றிச் சொல்ல வேண்டும். பட்டு ஜவுளிக்கடைக்காரர். பெரிய மனசு. நவீன வசதி எது வந்தாலும் காஞ்சிபுரத்தில் முதலில் நம் பள்ளிக்கு வந்துவிட வேண்டும் என்பார். வந்துவிடும். வந்ததும் பூட்டிவிடுவார்.

கம்ப்யூட்டர் ரூமைப் பாருங்கள். ஏ.சி. போட்ட அறை, பத்து கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் கடையில் மிஞ்சிய துணியில் ஜரிகை பார்டர் வைத்துத் தைத்த உறை. சந்தனம், குங்குமம். வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் செருப்பை வெளியே விட்டுவிட்டு, வரிசையாக ஒரு கதவு வழியே நுழைந்து, உறை போர்த்திய பத்தையும் பார்த்துக்கொண்டே மறு கதவு வழியே வெளியேற வேண்டும். நின்றால் "நகரு, நகரு" என்று ஒரு குரல் வரும். கோயில் ஊர்ப் பிள்ளைகள். அவர்களுக்கு இது புதிதாகவே தெரியவில்லை. ஒரு பையன் வெளியே வரும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். ஏ செக்ஷனுக்கு மட்டும் சிறப்பு தரிசனம். உறையை விலக்கிக் காட்டுவார்கள்.

பயிற்சியிலிருந்து திரும்பிய இரண்டாம் வாரம், லேப் பொறுப்பு என்ற முறையில் சாவி வைத்திருந்த எட்டறிவு சார், ஒன்பதாம் வகுப்பு டி செக்ஷனை உள்ளே கூட்டிக்கொண்டு போய், பத்து உறைகளையும் உருவி, "தொடுங்கடா" என்றார்.

செய்தி கேட்டுக் கரஸ் ஓடி வந்தார். "என்ன சார் இது! எல்லாம் கையி வெச்சா தேஞ்சிடாதா?"

"தேயட்டும்னுதான சார் வாங்குனோம்."

பதில் சொல்ல முடியாதபடி பேசுகிறவர்களைக் கரஸுக்குப் பிடிக்காது. ஆனால் பிசிக்ஸுக்கு வேறு ஆள் கிடைக்காத காலம் அது.

டி செக்ஷன் என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளி வாசலில் ஒரு போர்டு உண்டு: பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. ஆறு வருஷமாக அந்தப் போர்டு அசையவில்லை. ரகசியம் எளிமையானது. பத்தாவதில் ஃபெயிலாகக்கூடும் என்று சந்தேகப்படுகிற பிள்ளைகளை ஒன்பதாவதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்புவதற்கு வசதியாக ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிற அறைதான் டி செக்ஷன். அந்த வருஷம் பதினோரு பேர்.

ஜனவரியிலேயே பதினோரு டி.சி.க்கும் தாள் தயாராகிவிட்டது. தேதி மட்டும் பாக்கி. எட்டறிவு சார் கரஸ் அறைக்குள் போனார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். பதினைந்து நிமிஷம் லேட்டாக வந்ததால் ஒரு கதையைத் தயாரித்து வைத்திருந்தேன். அதற்கு அவசியமே ஏற்படவில்லை.

"சார், வருஷப் பரீட்ச வரைக்கும் டைம் கொடுங்க. பதினோரு பேரும் எல்லா சப்ஜெக்ட்லயும் பாஸ் பண்ணுவாங்க."

"ஆவுற கதையா சார் இது? அரையாண்டுல ரெண்டு மார்க் வாங்கனவன்லாம் இருக்கான்."

"ஆவும் சார்."

"ஆவலன்னா?"

எட்டறிவு சார் சட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து, பதினோரு டி.சி.க்கும் மேலே வைத்தார். அவருடைய ராஜினாமாக் கடிதம். "ஒரு புள்ள, ஒரு சப்ஜெக்ட்ல போனாலும் பதினோரு டி.சி.யும் குடுத்துடுங்க. பன்னெண்டாவதா இதையும் வெச்சிக்கங்க."

கரஸ் வியாபாரி. எதிராளி தானாக விலை சொல்லும்போது தடுக்கமாட்டார். "வாலாஜாபாத்லேர்ந்து வேற வாத்தியாருங்கள வரவழைச்சிப் பேப்பர் திருத்துவேன். உங்க ஆளுங்க திருத்தக் கூடாது" என்று என்னைப் பார்த்தார். நான் எப்போது எட்டறிவு சாரின் ஆள் ஆனேன் என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாளே எட்டறிவு சார் வேலையை ஆரம்பித்தார். வேலை என்றால் கடப்பாரை வேலை. புது பில்டிங்கில் டைல்ஸ் போட்ட ஆக்டிவிட்டி ரூம் ஒன்று, ஒரு ஆக்டிவிட்டியும் இல்லாமல் கிடந்தது. 'டி செக்ஷனில் முக்கால்வாசி பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைகள், நெசவு வீட்டுப் பிள்ளைகள், தறியை வைத்துக் கணக்குச் சொன்னால் கற்பூரமாகப் பற்றிக்கொள்ளும்' என்பது அவர் யோசனை. எங்கேயோ பழைய தறி ஒன்றைப் பிடித்துவிட்டார். காஞ்சிபுரத்துத் தறி குழித்தறி. நெய்கிறவர் கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு உட்கார வேண்டும். ஆகவே புது டைல்ஸைப் பெயர்த்து இடுப்பளவு குழி வெட்டினார்.

மூன்றாம் நாள் பெற்றோர்கள் வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் காமாட்சி என்ற பெண்ணின் அப்பா. அந்த வகுப்பில் காமாட்சிகள் நான்கு பேர், ஊர் அப்படி. இந்தப் பெண் நாலாவது காமாட்சி. அவர் குழியை ஒரு பார்வை பார்த்தார், வாத்தியாரை ஒரு பார்வை பார்த்தார்.

"என்னா சார் இது?"

"உங்க வீட்டுத் தொழில்தாங்க. புள்ளைங்களுக்கு அது வழியா..."

"சார், நான் பத்து வயசுல குழியில எறங்கனவன். எம் பொண்ணாவது மேல நிக்கட்டும்னு ஃபீஸ் கட்டி அனுப்புறேன். நீங்க இங்கயும் ஒரு குழி வெட்டி வெச்சிருக்கீங்களே, இது நாயமா?"

அவமானத்தைச் சுமந்துகொண்டு திரிய எட்டறிவு சாருக்கு நேரமில்லை. "தப்புதான். இன்னிக்கே மூடிடுறேன்" என்றவர், கையோடு கேட்டார்: "உங்க பொண்ணு வகுப்புல வாயே தொறக்கறதில்லயே. வீட்லயும் அப்படியா?"

"யாரு, காமாட்சியா? நல்லா சொன்னீங்க போங்க! விடியக்காலம் தெருவுல பாவு நீட்டும்போது வந்து பாருங்க. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துக்கினே அவ பேசற பேச்சு இருக்குதே, எதிர் வீட்டுக்காரன் சண்டைக்கி வரான். ஒக்கார வெச்சாதான் சார் ஊமையாயிடுது."

பாவு நீட்டுவது என்றால் தெரியாதவர்களுக்கு: பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இருபுறமும் வீட்டார் நடந்துநடந்து சிக்கெடுத்து, அறுந்த இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டே போவார்கள். எட்டறிவு சாரின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் என் பக்கம் திரும்பும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

குழியை மூடினார். டைல்ஸ்தான் அதே நிறத்தில் கிடைக்கவில்லை. சாம்பல் தரையில் ஒரு சதுரம் மட்டும் ரோஜா நிறம். கடைசிவரை கரஸ் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

பிப்ரவரி முடிவதற்குள் பத்துப் பேர் தேறிவிட்டார்கள். எப்படி என்று கேட்டால் எனக்கு முழுதாகத் தெரியாது. எங்கள் பள்ளியில் அந்த ஒரு மாதம் சத்தமாக இருந்தது என்பது மட்டும் தெரியும். ஒருவன் பெஞ்சில் தாளம் தட்டி ஃபார்முலா சொன்னான். ஒருத்தி வரலாற்றுப் பாடம் முழுவதையும் கார்ட்டூனாகப் போட்டாள். அக்பருக்கு எங்கள் கரஸின் மீசை. இன்னொருவனுக்கு யாரோடாவது சண்டை போட்டால்தான் பாடம் ஏறும். அவனோடு தினமும் முக்கால் மணி நேரம் சண்டை போட கெமிஸ்ட்ரி டீச்சர் நியமிக்கப்பட்டார். அவருக்கு அதில் டிக் விழுந்திருந்ததாம்.

பாக்கி காமாட்சி நாலு. அவளும் மற்றதையெல்லாம் எப்படியோ தாண்டிவிட்டாள். ஒரே ஒரு பாடத்தில் பன்னிரண்டு மார்க். அந்தப் பாடம் தமிழ்.

"சார்" என்றார் எட்டறிவு சார், என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து. "பதினோரு டி.சி.யும் என் கவரும் இப்ப உங்க கையிலதான் இருக்குது."

"நான் என்ன சார் பண்றது? செய்யுள மனப்பாடம் பண்ணுன்னு சொன்னா அந்தப் பொண்ணு சுவத்தப் பாக்குது."

"அவளோட நடங்க."

"எங்க?"

"எங்கயும் இல்ல. சும்மா. நடந்துக்கினே சொல்லிக் குடுங்க."

எனக்கும் நடைக்கும் அன்று இருந்த உறவு, ஸ்டாஃப் ரூமிலிருந்து டீக்கடை வரைக்குமானது. அதையும் பாதி நாள் பி.டி. மாஸ்டரின் டி.வி.எஸ். ஐம்பதில் கழித்துவிடுவேன். "வெயில் சார்" என்றேன். "மழை வந்தா?" என்றேன். "எனக்கு முட்டி" என்றேன். எல்லாவற்றுக்கும் அவர் ஒரே பதில்தான் சொன்னார். "ஆவும் சார்."

நடப்பதற்கு இடமும் அவரே பிடித்தார். புது பில்டிங்கில் நீளமான மார்பிள் வராண்டா. ஒரு பெரிய மனிதர் திறந்துவைக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக இருமுனையிலும் கயிறு கட்டிக் கிடந்தது. பிள்ளைகள் பின்பக்கத்து மண் வழியாகச் சுற்றித்தான் வகுப்புக்குப் போக வேண்டும். எட்டறிவு சார் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தன் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார்.

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். முதல் நாள் நாலு சுற்றில் எனக்கு மூச்சு வாங்கியது. பாடத்தைச் சொல்வதை விட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஐயா, நிக்காதீங்க ஐயா" என்றாள் காமாட்சி. நான் அவள் வாயிலிருந்து கேட்ட முதல் வாக்கியம். "நீங்க நின்னா எனக்கும் நின்னுப் போவுது."

நடந்தேன். அந்தப் பெண் எனக்கு இணையாக, நடுவே ஏதோ கட்டியிருப்பதுபோல இரண்டடி இடைவெளி விட்டு நடந்தாள். தூணுக்கு ஒரு வரி என்று வைத்துக்கொண்டாள். ஒரு வரி மறந்துபோனால், "அறுந்துச்சு ஐயா, அங்கேர்ந்து வரேன்" என்று முந்தின தூணுக்கு ஓடிப்போய், அங்கிருந்து பிடித்துக்கொண்டு வருவாள். பத்து நாளில் செய்யுள், இருபது நாளில் உரைநடை. இலக்கணத்தை நான் சொல்லும்போதே எதிர்க்கேள்வி கேட்க ஆரம்பித்தாள். இரண்டு கேள்விக்கு எனக்கே பதில் தெரியவில்லை. வேகமாக நடந்து சமாளித்தேன்.

இடுப்பில் பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போயிற்று. வீட்டில் என்ன உடம்புக்கு என்று கேட்டார்கள்.

மார்ச்சில் மாதிரித் தேர்வு. காமாட்சி பதினான்கு மார்க்.

எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. "ஏம்மா, நேத்து வராண்டால முழுசா சொன்னியேம்மா!"

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சத்தம் இல்ல ஐயா" என்றாள்.

"என்ன சத்தம்?"

"உங்க செருப்பு சத்தம். கீச்சு கீச்சுன்னு வருமில்ல. அது கேட்டா வரி வரியா வருது. ஒக்காந்தாலும் வருது. அன்னிக்கி ரூம்ல அது இல்ல."

ராஜ வீதியில் வாங்கிய செருப்பு. வாங்கிய நாள் முதல் கீச்சிட்டது. திருப்பிக் கொடுக்கச் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். என் சோம்பேறித்தனத்தால் உலகத்துக்கு விளைந்த ஒரே நன்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

எட்டறிவு சார் இரண்டு நாள் பரீட்சை விதிகளைப் படித்தார். மூன்றாம் நாள் வந்தார். "தமிழ்ப் பரீட்ச அன்னிக்கி தமிழ் வாத்தியார் ஹால் உள்ள இருக்கக் கூடாது. கரெக்ட். வெளில வராண்டாவுல நடக்கக் கூடாதுன்னு எங்கயும் போடல சார். அட்டை டு அட்டை பாத்துட்டேன்."

"ரெண்டரை மணி நேரமா?"

"ஆவும் சார்."

பரீட்சை நாள். ஹாலுக்குள் மேற்பார்வை எட்டறிவு சார். வெளியே வராண்டாவில் நான். கீச், கீச், கீச். ஜன்னல் வழியாக ஓரக்கண்ணால் பார்த்தேன். காமாட்சியின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. முட்டி கெஞ்சியது. கீச், கீச்.

அப்போதுதான் கரஸ் வந்தார்.

"என்ன தமிழய்யா, இங்க என்ன பண்ணிக்கினு இருக்கீங்க?"

"டாக்டர் நடக்கச் சொன்னாரு சார்."

"நல்லதுதான். கயிறு எங்க?" என்றவரின் கண் கீழே போயிற்று. "அடடா! மார்பிள் சார் இது! செருப்போட நடக்கறீங்களே! கழட்டுங்க, கழட்டுங்க."

ஒரு வீரன் அந்த இடத்தில் என்ன செய்திருப்பான் என்று எனக்குத் தெரியாது. நான் உடனே கழற்றினேன். கீழே வைத்தால் மார்பிளில் அழுக்காகுமே என்று கையில் எடுத்துக்கொண்டேன். வெறுங்காலோடு நாலு அடி நடந்தேன். சத்தமே இல்லை.

ஜன்னலுக்குள் பார்த்தேன். காமாட்சி தலையைத் தூக்கியிருந்தாள். பேனா காற்றில் நின்றது. அவளுக்குப் பின்னால் எட்டறிவு சார், சுவரோடு சுவராக, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பேசவில்லை. விதி புத்தகத்தில் பேசக் கூடாது என்று போட்டிருந்தது.

எனக்கு என்ன தோன்றியது என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. வலது கைச் செருப்பை உயர்த்தி, இரண்டாக மடக்கினேன். கீச். ஒரு அடி வைத்தேன். மடக்கினேன். கீச்.

நம் ஊரில் ஒரு தமிழாசிரியன், சம்பளம் கொடுக்கும் முதலாளியின் முகத்துக்கு நேரே செருப்பைத் தூக்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கரஸ் இரண்டடி பின்னால் போனார்.

"யோவ்! யார்கிட்ட செருப்பத் தூக்கற?"

கீச், என்றேன் நான். அதாவது என் செருப்பு. நிறுத்தினால் அறுந்துவிடும்.

"வாட்ச்மேன்! இங்க வா!"

எட்டறிவு சார் கதவருகே வந்து, ஹாலை விட்டு ஒரு அங்குலமும் வெளியே வராமல், தாழ்ந்த குரலில் சொன்னார். "சார், அவரு உங்களுக்குத் தூக்கல. அந்தப் பொண்ணுக்குத் தூக்கறாரு. கொஞ்சம் ஜன்னல்ல பாருங்க."

கரஸ் கோபத்தோடுதான் ஜன்னலுக்குப் போனார். நான் மடக்கியபோது பேனா நகர்ந்தது. கை வலித்து ஒரு நொடி நிறுத்தியபோது நின்றது. மறுபடி மடக்கினேன். நகர்ந்தது. பட்டுக்கடைக்கு முதலாளி ஆவதற்கு முன்னால் அவரும் ஒரு தெருவில், விடியற்காலையில், பாவுக்குப் பக்கத்தில் நடந்தவர்தான். ஊர் சொல்லித்தான் தெரியும், எங்களிடம் அவர் அதைச் சொன்னதில்லை. அப்போதும் சொல்லவில்லை. ஆனால் அவர் வலது கால் மட்டும் தரையில் லேசாக எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

வாட்ச்மேன் ஓடி வந்தான். கரஸ் அவனைக் கையமர்த்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, எரிச்சலோடு சொன்னார்:

"கையில அடிச்சா தாளம் தப்புதுய்யா. கீழ போட்டுக்கினு நடங்க."

"மார்பிள் சார்..."

"தேயட்டும்."

போட்டுக்கொண்டு நடந்தேன். கீச், கீச், கீச். அவர் பின்பக்கத்து மண் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். எட்டறிவு சார் சட்டைப்பையிலிருந்து ஜெராக்ஸ் தாள் ஒன்றை எடுத்துக் கரஸின் பெயரை எழுதி, பாட்டுக் கட்டத்தில் டிக் அடித்தார். பரீட்சை ஹாலில் அப்படிச் செய்யலாமா என்று விதியைப் பார்த்தாரா தெரியவில்லை.

வாலாஜாபாத்காரர்கள் திருத்தினார்கள். மற்றப் பத்துப் பேரும் எல்லாவற்றிலும் பாஸ். காமாட்சி நாலு: நாற்பத்தொன்று. பாஸ் மார்க் முப்பத்தைந்து. கூடுதலாக வந்த ஆறும் இலக்கணத்தில். என்னிடம் பதில் இல்லாத கேள்விகளைக் கேட்டாளே, அதே பகுதியில்.

கரஸ் பதினோரு டி.சி.யையும் எங்கள் முன்னால் கிழித்தார். பன்னிரண்டாவது கவரை மட்டும் டிராயரில் போட்டுக்கொண்டார். "இது இருக்கட்டும் சார். உங்ககிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்."

அடுத்த வருஷம் பதினோரு பேரும் பத்தாவது எழுதினார்கள். பத்துப் பேர் பாஸ். சண்டைக்காரன் மட்டும் கணக்கில் போய், அக்டோபரில் மறுபடி எழுதித் தேறினான். வாசல் போர்டில் நூற்றுக்கு நூறு என்பதை அழிக்க பெயிண்டர் வந்தபோது, கவர் இப்போது வெளியே வரும் என்று நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். கரஸ் ஏணியடிக்கு வந்தார். "வெறும் பள்ளிக்கூடம் பேரு மட்டும் இருக்கட்டும். எடம் விட்டு எழுதுப்பா, நல்லாருக்கும்" என்று பெயிண்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். கவர் வரவில்லை. அந்த ஜூனில் டி செக்ஷனையும் எடுத்துவிட்டார்கள்.

அதுதான் எட்டறிவு சாருக்குப் பிரச்சினை ஆயிற்று. ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்து பிசிக்ஸ் மட்டும் நடத்திப் பார்த்தார். முடியவில்லை. தானே போய்க் கரஸிடம் அந்தப் பழைய கவரைக் கேட்டு வாங்கி, தேதி போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பப் போனேன். நடந்துதான் போனேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். புதுப் பள்ளியைப் பற்றிச் சொல்லும்போது, கல்யாண வீட்டு இலைமுன் உட்கார்ந்தவர் மாதிரி முகம்.

"அங்க ஜி செக்ஷன் வரைக்கும் இருக்குதாம் சார்!"

பஸ் உறுமியது. நான் கேட்டுவிட்டேன். "சார், அந்த ஒம்போதாவது கட்டம். என்னதான் எழுதுனீங்க?"

அவர் சட்டைப்பையில் கை விட்டார். தாளை என்னிடம் நீட்டினார். மூன்று வருஷ வியர்வையில் மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. மேலே என் பெயர், எட்டுக் காலிக் கட்டங்கள், கீழே ஸ்கேல் வைத்துப் போட்ட ஒன்பதாவது. பென்சிலில் ஒரே வரி.

'இருக்கிறது. நான்தான் இன்னும் பார்க்கவில்லை.'

நிமிர்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. ஜன்னலிலிருந்து கையை மட்டும் நீட்டி, "ஆவும் சார்!" என்றார்.

எனக்கு இப்போது ஐம்பத்தைந்து. தினமும் காலையில் நடக்கிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ செருப்பு மாற்றியாயிற்று. கடையில் ஒவ்வொன்றாகப் போட்டு நடந்து பார்த்து, கீச்சிடுவதாகப் பொறுக்கித்தான் வாங்குகிறேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார். தெருவில் நாய்கள் குரைக்கின்றன. வீட்டில் மானம் போகிறது என்கிறார்கள். போகட்டும். நான் கடந்து போகிற ஏதாவது ஒரு ஜன்னலுக்குள் யாராவது பரீட்சை எழுதிக்கொண்டிருக்கலாம்.